கட்டிலுக்குப் பின்னால் ஒரு தூதர்



போன இதழ் அச்சுக்குப் போன மறுநாள். அலுவலகமே அரைத் தூக்கத்தில் இருந்த பதினொரு மணிக்கு ஓர் அம்மா படியேறி வந்தார். எழுபத்தைந்து வயதிருக்கும். ஒரு கையில் மஞ்சள் பை, இன்னொரு கையில் குடை. மூச்சு அடங்கும்வரை நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தவர், தண்ணீரைக் குடித்து டம்ளரைக் கீழே வைத்ததும் வந்த காரியத்தைச் சொன்னார்.

"எங்கப்பா படத்தை வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்."

பழைய குடும்பப் படங்களுக்காக நாம் ஒதுக்கியிருக்கும் பக்கத்துக்கு அவர் தபாலில் அனுப்பியிருந்த படம் அது. உங்களுக்கும் நினைவிருக்கலாம்: வேட்டிக்கு மேல் கறுப்புக் கோட்டு, ஸ்டுடியோவின் அட்டைத் தூண்மேல் ஒரு கை, பின்னால் திரையில் தீட்டிய ஏரியும் மலையும். கேமராக்காரர் "அசையாதீங்க" என்று சொல்லியிருப்பார்போல. மனிதர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

லேஅவுட் பார்க்கும் தம்பி உற்சாகமாக எழுந்து வந்தான். "பாட்டி, நல்லா ஹை ரெசல்யூஷன்ல ஸ்கேன் பண்ணி வெச்சிருக்கேன். கீறல் எல்லாம் எடுத்தாச்சு. ஒரிஜினலைவிடத் தெளிவா இருக்கு. பென் டிரைவ்ல போட்டுத் தரட்டா?"

"தெளிவா இருக்கட்டும் சாமி. எனக்கு அந்த அட்டைதான் வேணும். அதுலதான் அவர் இருக்காரு."

தேடும் படலம் ஆரம்பமானது. படம் வந்த கவர் இருந்தது. கவருக்குள் படம் இல்லை. தம்பியின் முகம் போன போக்கைப் பார்த்து, அந்த அம்மாவின் கவனத்தைத் திருப்ப வேண்டுமே என்று ஒரு கதையை எடுத்துவிட்டேன். அரை மணி நேரம் ஓட்டிய அந்தக் கதையை இந்த மாதம் உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். அதுவும் படத்தைத் திருப்பித் தராத கதைதான். ஆனால் அங்கே திருப்பித் தர மறுத்தவர் படத்தில் இருந்த ஆளே.

கதை நம் புதுச்சேரியில் தொடங்குகிறது. 1787 ஜூலையில் அங்கிருந்து ஒரு பிரெஞ்சுக் கப்பல் புறப்பட்டது. பெயர் 'லொரோர்', விடியல் என்று பொருள். அதில் ஏறியவர்கள் மைசூர் திப்பு சுல்தானின் தூதர்கள் மூன்று பேர்: முகமது தர்வேஷ் கான், அக்பர் அலி கான், முகமது உஸ்மான் கான். கூடவே பரிவாரம். மொரீஷியஸ், நன்னம்பிக்கை முனை என்று ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு, 1788 ஜூனில் பிரான்ஸின் தூலோன் துறைமுகத்தில் இறங்கினார்கள். பதினொரு மாதக் கடல் பயணம். திப்புவின் முந்தைய தூதுக்குழு பாரிஸ் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. அதனால் இந்த முறை நேரே பாரிஸுக்கே ஆள் அனுப்பினார்.

திப்புவுக்கு என்ன வேண்டும்? படை. ஆங்கிலேயர் எப்படியும் மறுபடி வருவார்கள் என்பது அவருக்குத் தெரியும். 1783-இல் கடலூரில் பிரெஞ்சுப் படையும் ஆங்கிலேயப் படையும் மோதிக்கொண்டிருந்தபோது, ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்டது என்று சேதி வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டார்கள். மங்களூர் முற்றுகையில் திப்புவோடு நின்ற பிரெஞ்சு வீரர்களும் விலகிக்கொண்டார்கள். பாதியில் கைவிடப்பட்டவர், 'இனி எழுத்தில் கொடுங்கள்' என்று கேட்க ஆள் அனுப்பியதாக வைத்துக்கொள்ளுங்கள்.

பாவம், கேட்கப் போன நேரம் சரியில்லை. 1788 ஆகஸ்ட் 10-ஆம் தேதி வெர்சாய் அரண்மனையில் பதினாறாம் லூயி தூதர்களை வரவேற்றார். கண்ணாடியும் தங்கமுமாக ஜொலித்த அரண்மனைதான். ஆனால் அதற்கு இரண்டு நாள் முன்பு, வேறு வழியில்லாமல், மறு ஆண்டு மே மாதம் எஸ்டேட்ஸ் ஜெனரல் என்ற பிரதிநிதிகள் மன்றத்தைக் கூட்டுவதாக மன்னர் அறிவித்திருந்தார். வரவேற்பு முடிந்த ஆறாம் நாள் கஜானா கொடுக்கல் வாங்கலை நிறுத்தியது. வெளியே சரவிளக்கு, உள்ளே கல்லாப்பெட்டி காலி. நிச்சயதார்த்தத்துக்கு வந்த சம்பந்தி வீட்டார் அறியாமல் கடன்காரரைப் பின்கட்டில் உட்கார வைத்திருக்கும் வீடுபோல. பிரிட்டனோடு செய்துகொண்ட சமாதானத்தை முறிக்க லூயி தயாராக இல்லை. தூதர்களுக்குக் கிடைத்தது நல்ல உபசாரமும் செவ்ர் பீங்கான் பாண்டங்களும்தான்.

அரசியலில் தோற்ற அந்தத் தூதுக்குழுவைப் பாரிஸ் நகரமோ கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது. அவர்கள் போகுமிடமெல்லாம் கூட்டம். ஆபெராவுக்குப் போனால் மேடையைவிட இவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தவர்கள்தான் அதிகம் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். அப்படிப் பார்த்தவர்களில் ஒருவர் எலிசபெத் விஜே லெ ப்ரன்.

அப்போது அவருக்கு வயது 33. ராணி மாரி அந்துவானெத்தின் பிரியமான ஓவியர். 1783-இல் அரச ஓவியக் கழகத்தில் உறுப்பினரானவர். அந்தக் கழகம் பெண்களை விரல்விட்டு எண்ணித்தான் சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டில் அவர் மாட்டிக்கொண்ட வம்பு ஒன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது ஒரு துணியைப் பற்றியது. ராணியை வெள்ளை மஸ்லின் உடையில் அவர் வரைந்த படம் சலோன் கண்காட்சியில் வைக்கப்பட்டது. ஊர் கொதித்தது. ராணியை உள்ளாடையோடு வரைந்துவிட்டாள் என்றது ஒரு கூட்டம். லியோன் நகரப் பட்டுநெசவாளர்கள் இருக்க அயல்நாட்டு மஸ்லின் எதற்கு என்றது இன்னொன்று. படத்தை அவசரமாக இறக்கி, அதே ராணியைப் பட்டு உடையில், கையில் ரோஜாவோடு வரைந்து மாற்றினார்கள்.

ஐந்து வருடம் கழித்து, மஸ்லின் விளைந்த தேசத்திலிருந்தே மூன்று பேர் மஸ்லின் அங்கியில் வந்து நிற்கிறார்கள். அந்தத் துணியால் அடி வாங்கிய ஓவியருக்குக் கை ஊறாமல் இருக்குமா?

ஆனால் தூதர்கள் லேசில் சம்மதிக்கவில்லை. மன்னரே கேட்டால் ஒழியப் படத்துக்கு நிற்கமாட்டார்கள் என்று மொழிபெயர்ப்பாளர் சொல்லிவிட்டார். விஜே லெ ப்ரன் மன்னரையே பிடித்துக் கேட்க வைத்தார். தூதர்கள் இன்னொரு நிபந்தனையும் வைத்தார்கள்: நாங்கள் ஓவியக்கூடத்துக்கு வரமாட்டோம், எங்கள் ஜாகையிலேயே வரைந்துகொள்ளுங்கள். அந்தக் காலத்தில் தூதர் தங்கியிருக்கும் வீடுதான் தூதரகம். பெரிய பெரிய கான்வாஸ்களையும் வண்ணங்களையும் சுமக்கவைத்துக்கொண்டு ஓவியர் அங்கே போனார். உள்ளே நுழைந்ததும் கையில் பன்னீர் ஊற்றினார்களாம். பன்னீர்ச் செம்பு தெரிந்த நமக்கு இதில் ஆச்சரியம் இல்லை. அவருக்கு அது ஆயுளுக்கும் மறக்காத விஷயமாகிவிட்டது. எண்பது வயதில் வெளியிட்ட நினைவுக்குறிப்பிலும் எழுதுகிறார்.

முதலில் நின்றவர் தர்வேஷ் கான். மூவரிலும் நெடியவர். இப்படி நில்லுங்கள், அப்படித் திரும்புங்கள் என்று ஓவியர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மனிதர் தாமாகவே வாளில் கையை வைத்து நின்றார். அது அவ்வளவு இயல்பாக இருந்ததால் ஓவியர் எதையும் மாற்றவில்லை. ஆளுயரத்தையும் மிஞ்சிய கான்வாஸ், ஏழடிக்கு மேல். நாம் கீழிருந்து அவரை அண்ணாந்து பார்க்கிறோம். பின்னால் முழுக்க வானம். தங்கப் பூ போட்ட வெள்ளை மஸ்லின் அங்கி, இடுப்பில் கச்சை, தலைப்பாகை. இதே ஓவியர் பிரபுக்களின் வீட்டுப் பெண்களைச் சிரித்த முகமாக, பல் தெரிய வரைந்து பேர் வாங்கியவர். தர்வேஷ் கான் சிரிக்கவில்லை. ஓவியரைப் பார்த்துக் குழையவும் இல்லை. உதவி கேட்டு வந்த ஆளின் நிற்பு இல்லை அது. எனக்கு இந்தப் படத்தில் பிடித்ததே அதுதான்.

அந்த ஏழடி வெள்ளையை நினைத்துப் பாருங்கள். எண்ணெய் ஓவியத்தில் வெள்ளை என்றால் அன்றைக்கு ஈயவெள்ளை. பொடியை ஆளிவிதை எண்ணெயில் குழைப்பார்கள். ஆளிவிதை எண்ணெய் மஞ்சளடிக்கும் என்பதால் வெள்ளைக்கு மட்டும் கசகசா எண்ணெய் சேர்ப்பதும் உண்டு. ஆளிவிதை எண்ணெய் நமக்குப் புதிதில்லை. கிரிக்கெட் மட்டைக்குத் தடவும் 'லின்சீட் ஆயில்' அதுதான். மட்டைக்குத் தடவிவிட்டுப் பொறுமையில்லாமல் மறுநாளே மைதானத்துக்கு எடுத்துப்போய், கையெல்லாம் பிசுபிசுத்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். தண்ணீர் ஆவியாகிக் காய்வதுபோல எண்ணெய் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்ஸிஜனை உறிஞ்சி மெல்ல மெல்ல இறுகித் தோல் கட்டுகிறது. தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரவே நாள்கணக்காகும். (நம் தேங்காய் எண்ணெயில் குழைத்திருந்தால் இன்றுவரை காய்ந்திருக்காது, அது காயாத ஜாதி.)

ஈரம் காயாத ஏழடிக் கான்வாஸை பாரிஸ் வீதியில் வண்டியில் ஏற்ற முடியுமா? அதனால் விஜே லெ ப்ரன் படத்தைத் தூதர்கள் வீட்டிலேயே வேறோர் அறையில் காயவிட்டார். காயட்டும், அதற்குள் அடுத்ததைத் தொடங்கலாம் என்று மூத்த தூதர் ஒருவரை உட்கார வைத்தார், பக்கத்தில் அவர் மகனையும் சேர்த்து. அந்தப் பெரியவரின் தலை அமைப்பைப் பார்த்து ஓவியர் சொக்கிப்போனது எழுத்தில் தெரிகிறது.

நடுவில் ஒரு விருந்து. ஓவியர் சொன்னதைக் கேட்டு அவருடைய தோழி ஒருவருக்கும் தூதர்களைப் பார்க்கும் ஆசை வந்துவிட, இருவரையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். போனால், தரையில் பரிமாறியிருக்கிறது! பாரிஸ் சீமாட்டிகள் இருவரும் இடுப்பை ஒடித்துச் சாய்ந்து உட்கார வேண்டியதாயிற்று. விருந்தளித்தவர்கள் கையாலேயே எடுத்துப் பரிமாறினார்கள். வெள்ளைக் குழம்பில் ஆட்டுக்கால், மசாலா தூக்கல். ஓவியருக்கு அது இறங்கவில்லை. ஆட்டுக்கால் பாயாவை அப்படி முகம் சுளித்துப் பார்த்த ஒருவரை என்னால் முழுசாக மன்னிக்க முடியவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

கதை இந்த இடத்துக்கு வந்தபோது உள்ளே பீரோ இழுக்கும் சத்தம் கேட்டது. அம்மா அந்தப் பக்கம் திரும்பினார். நான் அவசரமாகத் தொடர்ந்தேன்.

படம் காய்ந்திருக்கும் என்று ஓவியர் ஆள் அனுப்பினார். வந்த பதில், தர முடியாது. தர்வேஷ் கான் தன் படத்தைக் கட்டிலுக்குப் பின்னால் ஒளித்து வைத்துக்கொண்டார். காரணமும் சொன்னார்: இந்தப் படத்துக்கு இன்னும் ஓர் ஆன்மா வேண்டியிருக்கிறது.

பாரிஸ் இதைக் கேட்டுச் சிரித்தது. ஓவியரைப் புகழ்ந்து யாரோ கவிதைகூட எழுதினார்கள். எனக்கு இது சிரிக்கிற விஷயமாகப் படவில்லை. உருவம் வரைகிறவரிடம் மறுமையில் 'இதற்கு உயிர் கொடு' என்று கேட்கப்படும் என்பது இஸ்லாமிய மரபில் வேரூன்றிய எண்ணம். அந்த மரபில் வளர்ந்தவர், தன் உயரமும் தன் தாடியும் தன் வாளுமாக எதிரே ஓர் ஆள் நிற்பதைப் பார்த்திருக்கிறார். தினமும் இரவில் அதே வீட்டில், பக்கத்து அறையில், அந்த ஆள் தூங்காமல் நிற்கிறான். இதை முடிந்த வேலை என்று சந்தைக்கு அனுப்ப அவர் மனம் ஒப்பியிருக்காது. சிற்பி எல்லா வேலையும் முடித்துக் கடைசியில் கண் திறக்கும்வரை சிலை வெறும் கல்தான் என்று நம் ஊரிலும்தான் சொல்கிறோம்.

இல்லை, அத்தனை தூரம் போக வேண்டாம், ஆசைதான் என்று நீங்கள் சொன்னால் அதற்கும் இடம் இருக்கிறது. பதினொரு மாதம் கடலில் கிடந்து வந்து, கேட்டது கிடைக்காமல் பீங்கான் தட்டோடு திரும்பப்போகிறவர் அவர். இந்த ஊரில் அவரை அவர் அளவுக்கே மதித்து எழுந்து நின்ற ஒரே பொருள் அந்தப் படம்தான். கொண்டுபோகலாம் என்று நினைத்திருக்கலாம். நமக்குக் கிடைத்திருப்பது ஓவியரின் வாய்மொழி மட்டும். அதுவும் அரை நூற்றாண்டு ஊறவைத்து எழுதியது. தூதரின் பெயரைக்கூட அவர் 'தாவிச் கான்' என்றுதான் எழுதியிருக்கிறார். பெயரையே காதில் சரியாக வாங்காதவர் காரணத்தை எவ்வளவு சரியாக வாங்கியிருப்பார் என்று ப்ரூஃப் திருத்திப் பழகிய எனக்கு ஒரு சந்தேகம்.

கேட்டுப் பெற முடியாததைச் சூழ்ச்சியால் எடுத்தேன் என்று ஓவியரே ஒப்புக்கொள்கிறார். படம் வீட்டை விட்டுப் போனது. தூதர் கட்டிலுக்குப் பின்னால் பார்த்தார், இல்லை. சந்தேகம் யார்மேல் விழும்? அறையைப் பெருக்குகிறவன்மேல்தான். தன் பணியாளைக் கொன்றே தீருவேன் என்று நின்றார் தர்வேஷ் கான். பாரிஸில் பணியாட்களைக் கொல்லும் வழக்கம் கிடையாது என்று புரிய வைப்பதற்குள் மொழிபெயர்ப்பாளருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கடைசியில், படத்தை மன்னரே கேட்டு வாங்கிக்கொண்டார் என்று ஒரு பொய்யைச் சொல்லித்தான் அந்த உயிரைக் காப்பாற்றினார்.

"அந்தப் பையன் பேரு என்ன?" என்று கேட்டார் அந்த அம்மா.

பெயர் எழுதப்படவில்லை என்றேன்.

"எழுத மாட்டாங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. காரணம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன், வேறோர் இதழில் நான் உதவி ஆசிரியனாக இருந்தபோது, ஒரு வாசகி அனுப்பிய கல்யாணப் படம் காணாமல் போனது. அவருடைய பெற்றோரின் கல்யாணம்; இருந்தது அந்த ஒரே பிரதி. அச்சகத்துக்கும் அலுவலகத்துக்கும் சைக்கிளில் அலையும் பையன்மேல் பழி விழுந்தது. நானும் சேர்ந்து சத்தம் போட்டேன். அந்த வாசகிக்கு வருத்தம் தெரிவித்து நான்தான் கடிதம் எழுதினேன். எட்டு மாதம் கழித்து, ஒரு சொல்லுக்குப் பொருள் பார்க்க என் மேசை அகராதியைப் பிரித்தேன். கல்யாணப் படம் அதற்குள் இருந்தது. நான்தான் பக்க அடையாளத்துக்கு வைத்திருக்கிறேன். படத்தை மறுநாளே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். பையன் அதற்குள் வேலையை விட்டுப் போயிருந்தான். அவனிடம் சொல்ல இன்றுவரை எனக்கு வாய்க்கவில்லை.

தூதர்கள் எல்லோருக்கும் தர்வேஷ் கானின் கதி வரவில்லை. தன் படத்தைத் தானே காசு கொடுத்து வரையச் சொன்னவர்கள் நிம்மதியாக வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். 1533-இல் லண்டனில் பிரெஞ்சுத் தூதராக இருந்த ழான் த தாந்த்வீல், குளிரையும் ஊரையும் திட்டிக்கொண்டே காலம் தள்ளியவர், ஹான்ஸ் ஹோல்பைனைக் கூப்பிட்டுத் தன்னையும் நண்பர் ஜோர்ஜ் த செல்வையும் சேர்த்து வரையச் சொன்னார். ஓரமாக நின்று பார்த்தால் மட்டும் மண்டையோடு தெரியும் அந்தப் பிரசித்தமான 'தூதர்கள்' ஓவியம் அதுதான். பதவிக்காலம் முடிந்ததும் பொலிஸி என்ற ஊரில் இருந்த தன் மாளிகைக்குக் கொண்டுபோய் மாட்டிக்கொண்டார். இப்போது லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது; வரைந்த ஊருக்கே திரும்பி வந்துவிட்டது.

கொர்னேலிஸ் கல்கூன் என்ற டச்சுத் தூதர் இன்னும் கெட்டிக்காரர். 1727 முதல் 1744 வரை இஸ்தான்புல்லில் இருந்தவர். சுல்தான் மூன்றாம் அகமதுவைத் தான் சந்தித்த காட்சியை அங்கேயே தங்கியிருந்த ழான் பாப்தீஸ்த் வான்மூர் என்ற ஓவியரை வைத்து வரைவித்தார். வான்மூர் பல தூதர்களுக்கும் அதே சந்திப்பை வரைந்து கொடுத்திருக்கிறார்: அதே மண்டபம், அதே சுல்தான், தூதரின் முகம் மட்டும் வேறு. நம் கல்யாண ஆல்பக்காரர்களின் முன்னோடி. கல்கூன் அடுத்த ஊருக்கு மாற்றலாகிப் போனபோது படங்களையும் சுமந்துகொண்டு போனார். சாகும்போது அவற்றை விற்கக் கூடாது என்று உயிலும் எழுதிவைத்தார். இப்போது அவை ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியத்தில் இருக்கின்றன.

இன்றைய தூதரகங்கள் பலவற்றில் முன்னாள் தூதர்களின் புகைப்படங்கள் வரிசையாகத் தொங்குகின்றன, பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் அறையைப்போல. எண்ணெய் ஓவியம் என்றால் அது பெரும்பாலும் வேறு வேலைக்கு. ஏதென்ஸில் பிரிட்டிஷ் தூதரின் இல்லத்தில், அல்பேனிய உடையில் கவிஞர் பைரனைத் தாமஸ் பிலிப்ஸ் வரைந்த படத்தை மாட்டியிருக்கிறார்கள். பைரன் தூதர் இல்லை. கிரேக்கர்களின் விடுதலைப் போருக்கு உதவப் போய் 1824-இல் அந்த மண்ணிலேயே செத்தவர். வருகிற கிரேக்க விருந்தாளியிடம் எந்தத் தூதரும் பேச முடியாததை அந்தப் படம் பேசிவிடும் என்ற கணக்கு. கணக்கு சரிதான்.

தர்வேஷ் கானின் படத்துக்கு அப்படி ஒரு சுவரும் வாய்க்கவில்லை. அடுத்த ஆண்டு, 1789 ஆகஸ்டில், சலோன் கண்காட்சிக்குப் போனது. பிரெஞ்சுப் புரட்சி வெடித்து, பாஸ்தீய் சிறை தகர்ந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. தெருவில் அந்தக் கொந்தளிப்பு இருக்க, உள்ளே மைசூர் தூதர் வாளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். தூதர்கள் அதற்குள் புதுச்சேரி வந்து சேர்ந்துவிட்டிருந்தார்கள். தன் படத்தைப் பார்க்கக் கூட்டம் வந்தது தர்வேஷ் கானுக்குத் தெரியாது. அக்டோபர் 5-ஆம் தேதி, வெர்சாயிலிருந்து அரச குடும்பத்தைப் பாரிஸுக்கு இழுத்துவரக் கூட்டம் கிளம்பிய நாளில், விஜே லெ ப்ரன் மகளைக் கூட்டிக்கொண்டு இரவோடு இரவாக வண்டியேறி நாட்டை விட்டுப் போனார். பத்து வருடத்துக்கு மேல் அந்நிய தேசங்களில் படம் வரைந்தே பிழைத்தார். ராணியின் தலை 1793-இல் போனது. திப்பு 1799 மே 4-ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டையில் விழுந்தார். அன்றைக்கும் பிரெஞ்சுப் படை வரவில்லை.

படம் மட்டும் கைமாறிக் கைமாறிப் பிழைத்துக் கிடந்தது. 2019 ஜனவரியில் நியூயார்க்கில் சோதபீஸ் ஏலத்துக்கு வந்தபோது சுமார் 72 லட்சம் டாலருக்குப் போனது. அன்றைய கணக்கில் ஐம்பது கோடி ரூபாய்க்கு மேல். நவீன காலத்துக்கு முந்தைய பெண் ஓவியர் எவருடைய படமும் அதுவரை ஏலத்தில் அவ்வளவு விலை போனதில்லை. சாதனை ஓவியரின் பெயரில் பதிவாயிற்று. அது நியாயம்தான். கட்டிலுக்குப் பின்னால் கொஞ்ச நாள் வைத்திருந்தவருக்கு அதில் பங்கு கேட்க யாரும் இல்லை.

நான் ஏலத் தொகையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது தம்பி வந்தான். சட்டையெல்லாம் தூசி. கையில் படம். ஸ்கேனர் மூடிக்குள்ளேயே இருந்திருக்கிறது. மேலே வேறு தாள்களை வைத்து வேறு வேலை பார்த்திருக்கிறார்கள். இந்த முறை யாரும் யார்மேலும் சத்தம் போடவில்லை, நான் பார்த்துக்கொண்டேன்.

அம்மா படத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. வாங்கியதும் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். அங்கே மங்கிய பென்சில் எழுத்தில் நாலு வரி. கோட்டு வாடகை எட்டணா, படம் இவ்வளவு, பஸ்ஸுக்கு இவ்வளவு, கடைசியில் 'பாப்பாவுக்கு மிட்டாய்' ஓரணா.

"பாப்பா நான்தான்" என்றார்.

தம்பி என்னைப் பார்த்தான். கீறலை எல்லாம் எடுத்து, ஒரிஜினலைவிடத் தெளிவாக நாங்கள் ஸ்கேன் செய்தது முன்பக்கத்தை மட்டும்.

"பாட்டி, ஒரு ரெண்டு நிமிஷம் குடுக்கறீங்களா?"

அவர் யோசித்தார். பிறகு எழுந்து, படத்தைத் தானே எடுத்துக்கொண்டு அவன் பின்னாலேயே போய், ஸ்கேனரின் விளக்கு ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நகர்ந்து முடியும்வரை அதன் மூடிமேல் கை வைத்தபடி நின்றார். பின்பக்கத்தை 42-ஆம் பக்கத்தில் அச்சிட்டிருக்கிறோம்.

ஆகவே, இந்தப் பகுதிக்குப் படம் அனுப்புகிறவர்கள் கவனிக்க: பின்னால் ஏதாவது எழுதியிருந்தால் அதை மறைத்துப் பசை தடவி ஒட்டாதீர்கள். கெட்டி அட்டை இரண்டுக்கு நடுவில் வைத்து அனுப்புங்கள். உங்கள் முகவரியைப் படத்தில் எழுதாமல் தனித்தாளில் எழுதுங்கள். இந்த மாதம் முதல் வருகிற ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நோட்டில் வரிசை எண் போடுகிறோம். இதழ் வெளிவந்த பதினைந்து நாளுக்குள் எங்கள் செலவில் ஸ்பீட் போஸ்ட்டில் திரும்பிவிடும். நேரில் வந்து வாங்கிக்கொள்வதானால் காலை பதினொரு மணிக்கு மேல் வாருங்கள். மாடிப்படி கொஞ்சம் செங்குத்து. கீழே நின்று கூப்பிட்டால் நாங்களே இறங்கி வந்து தருவோம்.

அன்புடன்,
ஆசிரியர்